பிள்ளைக்கு நோய் என்று பெயர் வைப்பார்களா?

சித்தப்பா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அண்ணா, நல்ல தமிழ்ப் பெயரா ஒரு பத்து அனுப்பு. யாரும் வைக்காததா இருக்கணும்." குடும்பத்தில் ஒருவன் தமிழ் படித்துத் தொலைத்திருந்தால் அவனுக்கு வருகிற வேலைகள் இரண்டுதான். ஒன்று பத்திரிகை அடிக்கும்போது பிழை திருத்துவது, இன்னொன்று இது. பத்துப் பெயர் அனுப்பினேன். அதில் ஐந்தாவது 'எழிலணங்கு'. அவளுக்குப் பிடித்துவிட்டது. அவள் கணவருக்கும் பிடித்துவிட்டது.

மறுநாள் அவளுடைய மாமனார் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கோபப்படாதவர், அதனாலேயே கொஞ்சம் பயமாக இருக்கும்.

"தம்பி, நீங்க தமிழ் படிச்சவரு. பிள்ளைக்கு நோய்னு பேரு வைப்பாங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "மாமா, அணங்குன்னா தெய்வப் பெண். தமிழணங்கேன்னு வாழ்த்துப் பாட்டுலயே வருதே" என்றேன்.

"அது கடைசியில வந்த அர்த்தம். மொதல்ல என்னன்னு பாருங்க. அப்புறம் பேசுவோம்."

பார்த்தேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை எடுத்து 'அணங்கு' என்ற இடத்தில் விரல் வைத்தால் அங்கே வரிசையாக நிற்கிறவை இவை: வருத்தம், நோய், அச்சம், மையல்நோய், கொலை. தெய்வப் பெண், அழகிய பெண், அழகு எல்லாம் உண்டு. ஆனால் அவை இந்தக் கூட்டத்தைத் தாண்டி உள்ளே போனால்தான் கிடைக்கின்றன. நடுவே பேயும் இருக்கிறது. எழிலணங்கு என்று நான் அனுப்பிய பெயரை மாமா எப்படிப் படித்திருப்பார் என்று யோசித்தேன். அழகான கொலை.

அதற்குப் பிறகு இந்தச் சொல் என்னை விடவில்லை. ஒரு சொல் விடாமல் பிடித்துக்கொள்வதற்கும் பழந்தமிழில் அணங்குதல் என்றுதான் பெயர், அது வேறு விஷயம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் மனிதன் எதற்கெல்லாம் அஞ்சுவான் என்று ஒரு கணக்கு இருக்கிறது. "அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே." நான்குதான், காட்டு விலங்கு, திருடன், ஆள்கிற அரசன், இவற்றுக்கெல்லாம் முன்னால் அணங்கு. (திருடனையும் அரசனையும் அடுத்தடுத்து உட்காரவைத்த அந்தத் துணிச்சலை எத்தனை முறை படித்தாலும் ரசிக்கலாம்.) பேராசிரியர் உரை எழுதும்போது அணங்கு என்பதில் பேய், பூதம், பாம்பு என்று ஒரு பெரிய கூட்டத்தையே அடைக்கிறார். கண்ணுக்குத் தெரிகிற பயம் மூன்று, மிச்சம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல்.

ஆனால் இலக்கணம் கணக்குதான் சொல்லும். இந்தச் சொல் உயிரோடு நடமாடுவதைப் பார்க்க அகநானூறு 22-ஆம் பாட்டுக்குப் போக வேண்டும். எழுதியவர் வெறிபாடிய காமக்கண்ணியார். சாமியாட்டத்தைப் பாடியதாலேயே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டவர். பாட்டின் தொடக்கம்:

"அணங்குடை நெடுவரை உச்சியின் இழிதரும்
கணங்கொள் அருவிக் கான்கெழு நாடன்
மணங்கமழ் வியன்மார்பு அணங்கிய செல்லல்"

மூன்று வரிக்குள் அணங்கு இரண்டு முறை வந்துவிட்டது. முதலில் அது மலை உச்சியில் இருக்கிறது. அடுத்தது காதலனின் மார்பில். அங்கே இருந்து அருவி இறங்குகிற மாதிரி அந்த வருத்தமும் மலையிலிருந்து இறங்கி அவன் மார்புக்கு வந்து, அவன் மார்பிலிருந்து அவள் உடம்புக்கு ஏறிவிட்டது. பெண் மெலிகிறாள். வீட்டில் யாருக்கும் காரணம் தெரியவில்லை. வயதான பெண்கள் குறி பார்த்து, "முருகனைக் கும்பிட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள். களம் அமைத்து, கண்ணி சூட்டி, வீடே அதிரப் பாடி, பலி கொடுத்து, செந்தினையைக் குருதியோடு கலந்து தூவுகிறார்கள். நடுராத்திரி. உள்ளே இவ்வளவு ஆர்ப்பாட்டம் நடக்கும்போது வெளியே காவலர் கண்ணில் படாமல், யானையைப் பதுங்கிப் போய்ப் பிடிக்கிற புலி மாதிரி, அவன் வந்துவிடுகிறான். சந்தனம் மணக்கிறது; சூடியிருக்கும் மலைச்சாரல் பூவில் வண்டு மொய்க்கிறது. நோய் தீர்ந்துவிட்டது. பேர் மட்டும் சம்பந்தமே இல்லாத வேலனுக்கு, அதாவது சாமியாடிய பூசாரிக்கு. அதை நினைத்துச் சிரித்தேன் தோழி என்கிறாள் அவள்.

இதில் எனக்குப் பிடித்த இடம் அந்தச் சிரிப்பு. வந்தது அணங்கு என்பதில் ஊருக்கும் அவளுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எந்த அணங்கு என்பதில்தான் வேறுபாடு. ஊர் முருகனைச் சொல்கிறது, அவள் அந்த மார்பைச் சொல்கிறாள். இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். காதலை நோய்க்கு உவமையாகச் சொல்கிறார்கள் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். இந்தப் பாட்டில் உவமையே இல்லை. மலையில் இருப்பது எதுவோ அதுவேதான் மார்பிலும் இருக்கிறது.

சொல்லின் உடம்பையும் ஒரு முறை பார்த்துவிடலாம். கலங்கு, மயங்கு, நடுங்கு என்று ஒரு வரிசை இருக்கிறது அல்லவா? எல்லாம் தனக்கே நேர்வது. அதையே இன்னொருவருக்குச் செய்தால் கலக்கு, மயக்கு, நடுக்கு என்று மெல்லினம் வல்லினமாக இறுகும். அணங்கு அந்த வரிசையில் போய் நிற்கிற முகம்தான். ஆனால் அணங்குதல் என்றால் வருந்துவதும் உண்டு, வருத்துவதும் உண்டு. இரண்டுக்கும் ஒரே வடிவம் போதும். பிறகு அந்த வருத்தத்துக்கும் அதே பெயர், வருத்துகிற ஆளுக்கும் அதே பெயர். யார் அடித்தது, யாருக்கு வலி என்று பிரித்துப் பார்க்க விடாத சொல் இது.

சங்கப் பாட்டுகளில் அணங்கு குடியிருக்கும் இடங்களைத் தேடிக்கொண்டே போனால் ஒரு வரைபடம் மாதிரி வந்துவிடும். மலைக்கு உண்டு. கடலுக்கு உண்டு, 'அணங்குடை முந்நீர்' என்கிறது அகநானூறு. பாம்புக்கு உண்டு, இடி விழுந்து 'அணங்குடை அரவின் அருந்தலை' துண்டாவதைப் புறநானூறு 211 சொல்கிறது. 'அணங்குடை முருகன் கோட்டம்' 299-இல் வருகிறது. நெய்ச்சோறு தின்று கொழுத்த எதிரியின் குதிரைகள், முருகன் கோயிலில் பாத்திரங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் பெண்களைப் போலப் போர்க்களத்தில் ஒதுங்கி நின்றனவாம். பக்கத்திலேயே 'சூர்' என்று இன்னொரு சொல் சுற்றிக்கொண்டிருக்கும். சுனைப் பக்கமும் காட்டுப் பக்கமும் அதுவும் ஒரு பயம்தான். மலைபடுகடாத்தில் பரிசு வாங்கிவிட்டு வந்த கூத்தர் தலைவன் அடுத்துப் போகிறவர்களுக்கு வழி சொல்கிறான் பாருங்கள், அங்கே ஒரு எச்சரிக்கை உண்டு: மலையில் வரையர மகளிர் என்கிற மலைத் தெய்வப் பெண்கள் இருக்கும் இடத்தைக் கண்டாலே உயிர் போகிற மாதிரி நடுக்கம் வரலாம், அங்கே பல நாள் தங்காமல் சமவெளிக்கு நடையைக் கட்டுங்கள். பள்ளம் இருக்கிறது, வழுக்கும் என்று சொல்கிற அதே குரலில் இதையும் சொல்கிறான்.

இவ்வளவையும் படித்த பிறகு குறுந்தொகை 119 வேறு மாதிரிக் கேட்டது. சத்திநாதனார் பாட்டு, நாலே வரி:

"சிறுவெள் ளரவின் அவ்வரிக் குருளை
கான யானை அணங்கி யாஅங்கு
இளையள் முளைவாள் எயிற்றள்
வளையுடைக் கையள்எம் அணங்கி யோளே"

வெள்ளைப் பாம்பின் குட்டி, உடம்பில் கோடுகூட அழகாக இருக்கிறது. அது ஒரு காட்டு யானையை என்ன செய்யுமோ அதை இவள் எனக்குச் செய்தாள் என்கிறான். சின்னப் பெண், முளை மாதிரிக் கூரான பல், கையில் வளை. அவ்வளவுதான் அடையாளம். கோடும் பல்லும் வளையும் எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு யானை பெரிதாகத் தெரிகிறது. இதில் 'அணங்கியோள்' என்பதை 'வருத்தியவள்' என்று எழுதிவிட்டு நகர்கிறோம். வருத்தியவள் என்றால் கடன் கேட்டு வந்தவளைச் சொல்வது போல இருக்கிறது. விஷம் ஏறியதைச் சொல்லும் சொல் அது.

அணங்கைப் பற்றி அறிஞர்களுக்குள் ஒரு சண்டையும் நடந்திருக்கிறது. 1975-இல் வந்த தன் சங்கக் கவிதை ஆய்வில் ஜார்ஜ் ஹார்ட் இதை ஓர் ஆபத்தான புனித ஆற்றல் என்று விளக்கினார். அது பொருள்களிலும் இடங்களிலும் உறைவது. குறிப்பாகப் பெண்ணிடம் உறைவது. கற்புதான் அதைக் கட்டுக்குள் வைப்பது என்பது அவர் வாதம். 1986-இல் வி.எஸ். ராஜம் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, பெண்ணின் புனித ஆற்றல் என்ற ஒற்றைப் பொருளுக்கு இந்தச் சொல்லைச் சுருக்கிவிட்டார்கள் என்று மறுத்தார். என் ஓட்டு ராஜத்துக்கு. காரணம் நீங்கள் ஏற்கெனவே பார்த்ததுதான். அகநானூறு 22-இல் அணங்கியது ஆணின் மார்பு. கடலும் பாம்பும் மலையும் யாருக்கும் மனைவி இல்லை, அவற்றுக்குக் கற்பு கேட்டு யாரும் போகவும் இல்லை. பயம் முதலில் ஊர் முழுக்கப் பரவித்தான் இருந்தது. அதைக் கூட்டி அள்ளிப் பெண்ணின் தலையில் கொட்டியது பிறகு நடந்தது.

ஆனாலும் ஹார்ட் ஏன் அப்படி நினைத்தார் என்பதும் புரிகிறது. புறநானூறு 349 ஒன்றே போதும். பெண் கேட்டு அரசன் படையோடு வந்திருக்கிறான். வேல் நுனியால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கடுமையாகப் பேசுகிறான். அப்பனும் பணிந்து ஒரு வார்த்தை சொல்வதாக இல்லை. இரண்டு முரடர்கள். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் புலவர் சொல்கிறார்: அந்த அழகான பெண், "மரம்படு சிறுதீப் போல அணங்கா யினள்தான் பிறந்த ஊர்க்கே." கட்டைக்குள் ஒளிந்திருந்து அந்தக் கட்டையையே எரிக்கிற சின்னத் தீ. அவள் ஒன்றும் செய்யவில்லை. பாட்டில் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. வேலும் பிடிவாதமும் வேறு இருவருடையவை. கணக்கு மட்டும் அவள் பெயரில். அணங்கு என்ற சொல்லுக்கு வயதானது எங்கே என்று கேட்டால் நான் இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன்.

சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் வாயிற்காவலன் ஓடி வந்து நடுங்கிக்கொண்டே சொல்கிற இடம் எல்லாருக்கும் தெரியும். வந்திருப்பவள் கொற்றவை அல்லள், "இறைவனை ஆடல்கண் டருளிய அணங்கு, சூருடைக் கானகம் உகந்த காளி, தாருகன் பேருரம் கிழித்த பெண்ணும் அல்லள்" என்று தனக்குத் தெரிந்த பயங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைக்கிறான். கடைசியில் மிஞ்சுவது: "பொற்றொழிற் சிலம்பொன்று ஏந்திய கையள், கணவனை இழந்தாள் கடையகத் தாளே." அணங்கும் சூரும் சேர்ந்தும் அவளைச் சொல்ல முடியவில்லை. 'கணவனை இழந்தாள்' என்ற சாதாரணமான இரண்டு சொல் அந்த இடத்தில் போய் நிற்கிறது. பயத்துக்கான சொற்கள் தீர்ந்துபோகும் இடத்தை இதைவிட நன்றாகத் தமிழில் யாரும் காட்டியதாகத் தோன்றவில்லை.

திருக்குறள் இன்னும் வேடிக்கை. காமத்துப்பாலின் முதல் குறளே "அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை மாதர்கொல்" என்றுதான் திறக்கிறது. அதிகாரத்தின் பெயரே தகையணங்குறுத்தல். அடுத்த குறளில் அவள் எதிர்ப்பார்வை பார்ப்பது 'தாக்கணங்கு' ஒரு படையையும் கூட்டிக்கொண்டு வந்தது போல இருக்கிறதாம். சரி, இனிமையான பயம். ஆனால் இதே வள்ளுவர் பொருட்பாலில், ஆராயும் அறிவு இல்லாதவர்களுக்கு மாய மகளிரின் தழுவல் அணங்கு என்கிறார். அங்கே இனிமை கொஞ்சமும் இல்லை, எச்சரிக்கை மட்டும். ஒரே நூல், ஒரே ஆசிரியர், ஒரே சொல். பல்லும் இருக்கிறது, புன்னகையும் இருக்கிறது.

பிறகு பல் விழுந்துவிட்டது. 'அணங்கு அன்ன பெண்' என்று ஆயிரம் முறை சொன்னால் 'அன்ன' தேய்ந்து போகும், அணங்கே பெண்ணாகிவிடும். நிகண்டைப் புரட்டி எதுகை தேடிய புலவர்களுக்கு மடந்தை, நங்கை, அணங்கு எல்லாம் ஒரே சரக்கு, அளவு மட்டும்தான் வேறு. இணங்குக்கும் வணங்குக்கும் நன்றாகப் பொருந்துகிறது, வேறு என்ன வேண்டும்?

அப்படித்தான் 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தின் வாழ்த்துப் பாடலில் பெ. சுந்தரம் பிள்ளை "எத்திசையும் புகழ்மணக்க இருந்தபெருந் தமிழணங்கே" என்று எழுதினார். 1970-இல் தமிழ்நாட்டரசு அதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தது. அச்சங்களின் பட்டியலில் முதலில் இருந்த சொல்லுக்கு இப்போது எல்லாரும் எழுந்து நிற்கிறோம்.

மாமாவிடம் நான் தோற்றுப்போனது இங்கேதான் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பாட்டின் முடிவைக் கவனித்துப் பாருங்கள். "உன் சீரிளமைத் திறம்வியந்து செயல்மறந்து வாழ்த்துதுமே." எத்தனை விழாவில் இதை வாய் திறந்தும் திறக்காமலும் பாடியிருப்பேன், ஒரு நாளும் 'செயல்மறந்து' என்ன சொல்கிறது என்று யோசித்ததில்லை. கும்பிடுகிறவன் ஏன் செயல் மறக்க வேண்டும்? அணங்கைக் கண்டவன் மறப்பான். மலைபடுகடாத்துக் கூத்தர் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் அன்றைக்கே எச்சரிக்கை. சுந்தரம் பிள்ளை தெரிந்து எழுதினாரா, சொல் தானே தன் பழைய கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டதா என்பதற்குள் நான் போகவில்லை. அணங்கும் செயல்மறப்பும் ஒரே பாட்டில் இருக்கின்றன, எனக்கு அது போதும். 2022 ஏப்ரலில் ஏ.ஆர். ரஹ்மான் தமிழணங்கு என்று ஓர் ஓவியத்தைப் பகிர்ந்தபோது, விரித்த தலைமுடியோடும் கையில் ழகரம் பொருந்திய ஈட்டியோடும் அவள் வந்து நின்றாள். இது என்ன, தமிழ்த்தாய் இப்படியா இருப்பாள் என்று கேட்டவர்கள் உண்டு. தாய் இப்படி இல்லாமல் இருக்கலாம். அணங்கு இப்படித்தான்.

இன்னொன்றும் தோன்றியது. அணங்குக்குப் பல் விழுந்தால் என்ன, தமிழ்க் காதலுக்குப் பயம் காட்டும் சொல் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. பழையது ஆறிப்போனால் அடுத்ததை அடுப்பில் ஏற்றிவிடுவோம். 'ராட்சசி' என்று இன்று கொஞ்சுகிறவன் யாரைத் திட்டுகிறான்? 'போடா பிசாசு' என்று சொல்லும் பெண்ணின் குரலில் பிசாசு எங்கே இருக்கிறது? 'கொல்றாடா' என்றால் யாரும் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. பேயும் இப்படித்தான். பேம், நாம், உரும் என்ற மூன்று சொல்லும் அச்சத்தைக் குறிக்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அந்தப் பேம் பக்கத்திலிருந்து வந்த பேய் இன்று 'பேய் மாதிரிப் படிக்கிறா' என்று பாராட்டாகிவிட்டது. அணங்கு நடந்த வழியில்தான் இவர்கள் எல்லாரும் போய்க்கொண்டிருக்கிறார்கள். நூறு ஆண்டு கழித்து எவளாவது அண்ணனிடம் சுத்தமான தமிழ்ப் பெயர் கேட்டால் அவன் 'எழில்ராட்சசி' என்று அனுப்பினாலும் அனுப்புவான்.

இதையெல்லாம் மாமாவிடம் ஒரு நாள் போனில் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரி தம்பி. பாட்டுல இருக்கட்டும், பள்ளிக்கூடத்துல வருகைப் பதிவேட்டுல வேணாம்." குழந்தைக்கு வேறு பெயர் வைத்தாகிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குத் தீமையான பொருள் எதுவும் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன்.

இப்போது அவளுக்குப் பத்து மாதம். போன வாரம் காணொளியில் அழைத்தார்கள். கீழ்வரிசையில் இரண்டு பல், மேலே ஒன்று எட்டிப் பார்க்கிறது. மாமா மடியில் உட்கார்ந்து, கையில் கிடந்த பிளாஸ்டிக் வளையலால் அவர் மூக்குக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் தன் புறங்கையைத் தூக்கிக் கேமராவுக்கு நேராகக் காட்டினார். சிவப்பாக, வரிசையாக, மூன்று புள்ளி.

"காலையில கடிச்சது. இன்னும் போகல பாருங்க" என்றவர், கையை இறக்காமலே, வகுப்பில் சொல்கிற குரலில் ஆரம்பித்தார். "இளையள், முளைவாள் எயிற்றள், வளையுடைக் கையள்..."

கடைசிச் சீரைச் சொல்வதற்குள் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது.